ஸ்கூல் திறக்கப் போகிறது, கையைக் கடிக்காமல் எப்படி வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து வருஷம் திருச்சியில் மாமாவின் ஸ்டேஷனரி கடையில் கல்லாவில் உட்கார்ந்தவள் நான். இப்போது வீட்டில் எட்டாவது போகிற மகள், மூன்றாவது போகிற மகன். அதனாலோ என்னவோ, மே மாதம் பிறந்துவிட்டால் போதும், தெருக்காரர்கள், ஆபீஸ் தோழிகள், நாத்தனார் என்று எல்லாரும் அதே நாலு சந்தேகத்தை என்னிடம்தான் கேட்கிறார்கள். வாட்ஸப்பில் திரும்பத் திரும்பத் தட்டி விரல் வலித்ததால், கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். விலை சொல்லும் இடங்களில் எல்லாம் அது எங்கள் ஊரில் நான் கொடுத்த விலை, உங்கள் ஊரில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

மே மாசமே எல்லாத்தையும் வாங்கிடணுமா, இல்ல ஸ்கூல் தொறந்தப்புறம் வாங்கிக்கலாமா?

பொருளைப் பொறுத்தது. தைக்க வேண்டிய யூனிஃபார்ம் மட்டும்தான் மே முதல் வாரத்திலேயே ஆரம்பிக்க வேண்டிய வேலை, ஏனென்றால் மே கடைசியில் எந்த டெய்லரிடம் போனாலும் "ஜூன் பத்துக்கு மேல வாங்க" என்பார், அப்புறம் வேறு வழியில்லாமல் ரெடிமேட் கடைக்கு ஓடி அவர்கள் சொன்ன விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். ஷூ, பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம். இரண்டு மாத லீவில் பிள்ளையின் கால் வளர்ந்துவிடும் என்பதால் ஏப்ரலில் எடுத்த ஷூ ஜூனில் கடிக்கும்.

நோட்டு, பேனா, பை, பாட்டில் எல்லாம் பள்ளி திறந்த பிறகு வாங்கினால்தான் லாபம். நான் கல்லாவில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்: மே 25-லிருந்து ஜூன் 10 வரை கடையில் யாரும் விலை கேட்பதில்லை, கேட்டாலும் நாங்கள் குறைப்பதில்லை. குறைக்க எங்களுக்கு என்ன அவசியம், வெளியே வரிசை நிற்கிறது. ஜூன் கடைசியில் அதே பையை நாங்களே கூப்பிட்டு நூறு ரூபாய் குறைத்துக் கொடுப்போம், இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கிறதே என்று.

லிஸ்ட்ல 24 நோட்டு போட்டிருக்காங்க. அத்தனையும் முதல் நாளே வேணுமா?

வேண்டாம். அந்தப் பட்டியல் வருஷம் முழுக்கத் தேவைப்படுவதைச் சேர்த்துப் போட்ட கணக்கு. முதல் வாரத்தில் ஆசிரியர்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு, பழைய பாடத்தைக் கொஞ்சம் கேட்டு, டைம்டேபிள் எழுதிப்போடுவார்கள், அவ்வளவுதான். பாடத்துக்கு ஒரு நோட்டு, ஒரு ரஃப் நோட்டு, இது போதும். மகள் ஆறாவது போனபோது பட்டியல்படி மொத்தமாக வாங்கி, அதில் ஏழு நோட்டுக்குப் பிரவுன் ஷீட் அட்டையும் போட்டு லேபிளும் ஒட்டிவிட்டேன். ஆனால் கணக்கு டீச்சர் கோடு போடாத நோட்டு கேட்டார், சயின்ஸ் டீச்சர் ஒரு பக்கம் கோடு ஒரு பக்கம் வெள்ளை கேட்டார். அட்டை போட்ட நோட்டை எந்தக் கடையிலும் திரும்ப எடுக்க மாட்டார்கள். நாங்களும் எடுத்ததில்லை.

சின்ன வகுப்பென்றால் இன்னும் கவனம். நாலு கோடு, இரட்டைக் கோடு, பெரிய கட்டம், சின்னக் கட்டம் என்று வகுப்புக்கு வகுப்பு மாறும். டீச்சர் வாயால் சொன்ன பிறகு வாங்குங்கள்.

போன வருஷ நோட்டுல பாதி காலியா கெடக்கு. கிழிச்சு எடுத்தா பிஞ்சு போகுது, என்ன பண்றது?

நடுவில் பின் அடித்த நோட்டில் ஒவ்வொரு தாளும் மடித்துச் செருகியது, அதாவது முன்பாதியில் ஒரு இலை, பின்பாதியில் அதன் ஜோடி. பிள்ளை கால்வாசிதான் எழுதியிருந்தால் நடுவில் இருக்கும் தாள்கள் முழுசாக வெள்ளையாக இருக்கும், பின்னை நிமிர்த்தி அப்படியே கொத்தாக உருவிவிடலாம். பாதி வரை எழுதியிருந்தால் உருவ முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு தாளிலும் ஒரு பக்கம் எழுத்து இருக்கும். அப்போது முதுகு ஓரமாக பிளேடால் வெட்டி வெற்று இலைகளை மட்டும் எடுத்து வையுங்கள்.

இப்படி நாலைந்து நோட்டில் சேர்ந்த தாள்களை பைண்டிங் கடையில் கொடுத்தால் ஓரம் வெட்டி, அட்டை போட்டுத் தைத்துக் கொடுப்பார்கள். எனக்குப் போன வருஷம் 40 ரூபாய் ஆனது, சுமார் 200 பக்க ரஃப் நோட்டு கிடைத்தது. ஜெராக்ஸ் கடை ஸ்பைரல் வேண்டாம், சின்னப் பிள்ளைகள் அந்தக் கம்பியைப் பிய்த்துவிடுவார்கள். டீச்சரிடம் காட்டும் பாட நோட்டுக்கு இதைத் திணிக்காதீர்கள், ரஃப் நோட்டுக்கும் வீட்டில் கணக்குப் போட்டுப் பார்ப்பதற்கும் மட்டும்.

டஜன் கணக்குல மொத்தமா எடுத்தா எவ்வளவு மிச்சம் ஆகும்?

நோட்டின் மேல் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி. என்பது அதிகபட்ச விலை, எல்லா வரியும் சேர்த்தது. அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் தப்பு. அதற்குக் கீழே கொடுப்பது கடைக்காரர் இஷ்டம், டஜனாக எடுத்தால் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் குறைப்பார்கள். எங்கள் கடையில் டஜனுக்குப் பத்து சதவீதம், தெரிந்தவர் என்றால் பதினைந்து. சில்லறையாக ஒன்றிரண்டு எடுப்பவருக்கு எதுவும் கிடையாது. உங்கள் வீட்டுக்கு ஒரு டஜன் தேவையில்லை என்றால் பக்கத்து வீட்டோடு சேர்ந்து எடுங்கள்.

ஆனால் தள்ளுபடியைவிடப் பக்கக் கணக்கில்தான் அதிகம் ஏமாறுகிறோம். பார்க்க ஒரே தடிமனாக இருக்கும், ஒன்றில் 192 பக்கம், இன்னொன்றில் 172. "அட்டையில் அச்சிட்டதும் இண்டெக்ஸும் சேர்த்து" என்று பொடி எழுத்தில் போட்டுப் பக்கத்தை எண்ணும் நோட்டுகளும் உண்டு. விலையைப் பக்கத்தால் வகுத்துப் பாருங்கள்: 60 ரூபாய்க்கு 192 பக்கம் என்றால் பக்கம் 31 காசு, 35 ரூபாய்க்கு 92 பக்கம் என்றால் 38 காசு. போன் கையில்தானே இருக்கிறது.

அப்புறம் தாளின் கனம். ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பது. பால்பாயிண்ட் பேனாவுக்கு 54, 56 போதும். இங்க் பேனாவில் எழுதச் சொல்கிற பள்ளி என்றால் 60-க்குக் குறையாமல் எடுங்கள், இல்லையென்றால் மை மறுபக்கம் ஊறி ஒரு பக்கம்தான் எழுத முடியும், இரண்டு நோட்டு வாங்கின கதையாகிவிடும். பெயர் தெரியாத சிவகாசி நோட்டு என்று முகம் சுளிக்க வேண்டாம். நோட்டுத் தயாரிப்பில் பெரிய ஊர் அது, தாள் கனம் சரியாக இருந்தால் பிராண்ட் அட்டைக்காகக் கூடுதலாகக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

ஜிஎஸ்டி பூஜ்யம் ஆயிடுச்சுன்னு சொன்னாங்களே, நோட்டு விலை ஏன் அவ்வளவா குறையல?

2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, கிராஃப் நோட்டு, லேப் நோட்டு, பென்சில், ஷார்ப்னர், கிரேயான் ஆகியவற்றுக்கு 12 சதவீதம் இருந்த வரி முழுதாகப் போனது. ரப்பருக்கு 5 இருந்தது, அதுவும் போனது. ஜாமெட்ரி பாக்ஸ் 12-லிருந்து 5 ஆனது. பேனாவுக்கு எதுவும் மாறவில்லை, பழைய 18 தான். நைலான் ஸ்கூல் பைக்கும் அதே 18.

வரி பூஜ்யமானால் விலை அப்படியே 12 சதவீதம் விழும் என்று நினைக்கிறோம், அங்கேதான் சிக்கல். வரிவிலக்கு உள்ள பொருளைத் தயாரிப்பவர், தான் வாங்கிய அட்டை, மை, பசைக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. முன்பு கழித்தார். அந்தச் செலவு இப்போது நோட்டின் அடக்க விலையில் ஏறிவிடுகிறது. அதனால் குறைந்தது உண்மை, நீங்கள் எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்பதும் உண்மை. கடையில் பழைய எம்.ஆர்.பி. போட்ட நோட்டை எடுத்து நீட்டினால் மட்டும், வரி போன பிறகு என்ன விலை என்று கேளுங்கள்.

கவர்மென்ட் ஸ்கூல்ல சேர்த்திருக்கோம். எதெல்லாம் அவங்களே குடுப்பாங்க, நாங்க எதை வாங்கணும்?

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம், நோட்டு, பை, காலணி, ஜாமெட்ரி பாக்ஸ், வண்ணப் பென்சில் அல்லது கிரேயான், அட்லஸ் எல்லாம் வகுப்புக்கு ஏற்ப இலவசம். சத்துணவில் சேர்ந்த எட்டாவது வரையிலான பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு நாலு செட் சீருடை. பதினொன்றாவதில் சைக்கிள். பஸ் பாஸும் இலவசம். பஸ் பாஸ் வர ஒன்றிரண்டு மாதம் ஆகலாம், அதுவரை சீருடையில் இருந்தாலோ பழைய பாஸைக் காட்டினாலோ அரசுப் பேருந்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று வருஷா வருஷம் அறிவிப்பார்கள், ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

வேகமாக வளரும் பிள்ளை என்றால் சீருடைக்கு அளவு எடுக்கும்போதே கொஞ்சம் தாராளமாக எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாங்க வேண்டியது பேனா, டிபன் பாக்ஸ், பாட்டில், கூடுதலாகத் தேவைப்பட்டால் ஒன்றிரண்டு நோட்டு. நோட்டு கைக்கு வருவதற்கு முன்பே பயந்துபோய் ஒரு டஜன் வாங்கிவிடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிரைவேட் ஸ்கூல். புக்ஸுக்கு மட்டும் ஆறாயிரம் கேக்குறாங்க. குறைக்கவே முடியாதா?

குறைக்கலாம், பென்சில் ரப்பரில் பத்து இருபது மிச்சம் பிடிப்பதைவிட இங்கேதான் ஆயிரக்கணக்கில் மிச்சம் இருக்கிறது. முதலில் அந்த ஆறாயிரத்தைப் பிரித்துக் கேளுங்கள், எந்தப் புத்தகம், யார் வெளியீடு, என்ன விலை என்று. மெட்ரிக் பள்ளி என்றால் மாநிலப் பாடத்திட்டப் புத்தகம்தான் முக்கியம், அதைத் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் விற்கிறது, சென்னைக்காரர்கள் நுங்கம்பாக்கம் கல்லூரி சாலையில் டி.பி.ஐ. என்று இன்னும் சொல்லப்படுகிற வளாகத்திலேயே வாங்கலாம். அவர்கள் தளத்தில் எல்லா வகுப்புக்கும் பி.டி.எஃப். இலவசமாகவே கிடைக்கிறது. சி.பி.எஸ்.இ. என்றால் என்.சி.இ.ஆர்.டி. புத்தகம், எட்டாவது வரை பெரும்பாலும் ஒரு புத்தகம் 65 ரூபாய்தான், அதற்கும் பி.டி.எஃப். உண்டு.

அப்புறம் எப்படி ஆறாயிரம்? தனியார் பதிப்பகங்களின் பொது அறிவு, கையெழுத்துப் பயிற்சி, கம்ப்யூட்டர், நீதிக்கதை, ஒர்க்புக். ஒவ்வொன்றும் 300, 400 என்று அச்சிட்டிருக்கும். போன வருஷப் பிள்ளையின் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பாருங்கள், பொது அறிவில் பாதிக்கு மேல் எழுதாமல் கிடக்கும். இதில் எது கட்டாயம், எது பழைய புத்தகமாக இருந்தால் போதும் என்று வகுப்பாசிரியரிடம் தனியாகக் கேட்டால் பாவம், உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

ஸ்கூல்லயே தான் வாங்கணும், வெளிய வாங்கக் கூடாதுன்னு சொல்றாங்க. அப்படிச் சொல்ல முடியுமா?

சி.பி.எஸ்.இ. 2017 ஏப்ரலிலேயே தன் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது: புத்தகம், ஸ்டேஷனரி, சீருடை, பை என்று வியாபாரம் செய்யக் கூடாது, குறிப்பிட்ட கடையில்தான் வாங்க வேண்டும் என்று பெற்றோரை வற்புறுத்தவும் கூடாது என்று. அந்த வருஷமே பிறகு என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களைப் பள்ளிக்குள் ஒரு சின்னக் கடை வைத்து விற்க அனுமதித்தார்கள், 2018-ல் பள்ளிக்குள் விற்கக் கூடாது என்ற தடையை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆனால் விற்பது வேறு, வற்புறுத்துவது வேறு. மெட்ரிக் பள்ளி என்றால் மாவட்டத்தில் தனியார் பள்ளிகளுக்கென்றே ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார், புகார் அங்கே போகலாம்.

விதி அப்படி. நடைமுறையில் பிள்ளை அங்கே படிக்கிறது, நாளைக்கு டீச்சர் முகம் கோணுவாரோ என்று நமக்கு உதறுகிறது. எனக்கும் உதறியது. நான் செய்தது, தனியாகப் போய்ச் சண்டை போடாமல், வகுப்பில் பதினோரு பெற்றோர் சேர்ந்து ஒரு கடிதம் கொடுத்தோம், அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, "பள்ளிப் பெயர் அச்சிட்ட நோட்டுக்குப் பதில் அதே அளவு நோட்டுக்குப் பிரவுன் அட்டை போட்டு, பள்ளி லேபிள் ஒட்டிக்கொள்ள அனுமதி வேண்டும்" என்று மட்டும். லேபிளைப் பள்ளியிலேயே வாங்கிக்கொள்கிறோம் என்றும் எழுதினோம். நோட்டுக்கு ஒத்துக்கொண்டார்கள். பெல்ட்டுக்கும் டைக்கும் கேட்டுப் பார்த்தோம், ஒத்துக்கொள்ளவில்லை, சரி, அது போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

பழைய புக் வாங்கலாம்னு பாத்தா, சிலபஸ் மாறிடுச்சுன்னு சொல்றாங்க. எப்படித் தெரிஞ்சுக்கறது?

மாநிலப் பாடப்புத்தகத்தில் உள்பக்கத்திலேயே முதல் பதிப்பு, திருத்திய பதிப்பு என்று ஆண்டு போட்டிருக்கும். இப்போது கடையில் இருக்கும் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே திருத்திய பதிப்பாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பதிப்பு வேறு என்றால் பொருளடக்கத்தை வரிசையாக ஒப்பிடுங்கள், ஒன்றிரண்டு பாடம்தான் மாறியிருக்கிறது என்றால் அதை மட்டும் பி.டி.எஃப்.பிலிருந்து ஜெராக்ஸ் எடுத்துச் செருகிவிடலாம்.

என்.சி.இ.ஆர்.டி.யில் இப்போதைக்குப் பழையது எடுப்பதில் ஜாக்கிரதை. 2024-ல் மூன்றாவது, ஆறாவது புத்தகங்கள் முழுசாக மாறின, 2025-ல் நாலு, ஐந்து, ஏழு, எட்டு. அண்ணன் புத்தகம் தம்பிக்கு ஆகும் என்று எடுத்து வைத்திருந்த என் தோழி ஒருத்திக்கு புத்தகத்தின் பெயரே வேறாக இருந்ததைப் பார்த்து அழுகையே வந்துவிட்டது.

பழைய புக் எங்க கிடைக்கும்?

சென்னையில் சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட், கோவையில் உக்கடம், இவை எல்லாருக்கும் தெரிந்தவை. ஆனால் பள்ளிப் பாடப்புத்தகத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. உங்கள் பிள்ளையின் வேனில் ஒரு வகுப்பு மேலே படிக்கும் பிள்ளை யார் என்று பாருங்கள், அந்த அம்மாவிடம் ஏப்ரல் கடைசியில், பரீட்சை முடிந்த வாரமே பேசிவிடுங்கள். மே நடுவில் கேட்டால் பழைய பேப்பர்காரர் கிலோ கணக்கில் எடுத்துக்கொண்டு போயிருப்பார். பாதி விலை கொடுத்தால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள், சிலர் காசே வாங்க மாட்டார்கள், ஒரு முறுக்குப் பொட்டலம் கொண்டு போங்கள்.

பென்சிலில் எழுதின ஒர்க்புக்கை அழித்துக் கொடுத்துவிடலாமே என்று கேட்கிறார்கள். முயற்சி செய்தேன். விடை எல்லாம் பள்ளம் விழுந்து தெரிகிறது, பிள்ளை அதைப் பார்த்தே எழுதுகிறது. ஒர்க்புக் மட்டும் புதிது வாங்குங்கள்.

யூனிஃபார்ம் ரெடிமேடா எடுக்கறதா, துணி எடுத்துத் தைக்கறதா?

ஒன்றாவது இரண்டாவது வரை ரெடிமேட் பரவாயில்லை, தையல் கூலி பெரிய சட்டைக்கும் சின்னச் சட்டைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் சின்ன அளவில் தைப்பது கட்டுப்படியாகாது. நாலாவது ஐந்தாவதுக்கு மேல் துணி எடுத்துத் தைப்பதுதான் நல்லது, காரணம் விலை மட்டும் இல்லை. ரெடிமேடில் மடிப்பு அரை இஞ்ச்தான் இருக்கும். டெய்லரிடம் பேண்ட்டுக்குக் கீழே மூன்று இஞ்ச், பாவாடைக்கு உள்ளே ஒரு டக், சுடிதாருக்குப் பக்கத் தையலில் ஒரு இஞ்ச் விடச் சொன்னால் அடுத்த வருஷமும் ஓடும். தைக்கக் கொடுப்பதற்கு முன் துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயவையுங்கள், இல்லையென்றால் விட்ட மூன்று இஞ்சில் ஒரு இஞ்ச் முதல் துவையலிலேயே சுருங்கிப் போகும். மடிப்பைப் பிரிக்கும்போது பழைய மடிப்புக் கோடு வெளுப்பாகத் தெரியுமே என்று கேட்பீர்கள். தெரியும். அடர் நீலம், காப்பிப்பொடி நிறத்தில் அதிகம் தெரியும். வருஷ நடுவில் தீபாவளி லீவில் பிரித்துவிட்டால் மிச்சத் துணியும் சேர்ந்து வெளுக்க ஆரம்பித்து ஒரு வழியாகச் சமமாகிவிடும்.

எத்தனை செட்? இரண்டு எடுத்து ஆரம்பியுங்கள், மூன்றாவதை ஆகஸ்டில் எடுக்கலாம், அப்போது உயரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்றும் தெரிந்திருக்கும். வெள்ளைச் சட்டை என்றால் பள்ளி சொன்ன கடை எதற்கு, வெள்ளை எங்கே எடுத்தாலும் வெள்ளைதான். நிறமும் கட்டமும் ஒத்துப்போக வேண்டிய பேண்ட், பாவாடைத் துணிக்கு மட்டும் அங்கே போனால் போதும். அபார்ட்மெண்டில் நாலைந்து வீடு ஒரே பள்ளி என்றால் ஈரோடு ஜவுளிச் சந்தையில் மொத்தமாக எடுக்க நினைப்பவர்களும் உண்டு, போகிற பஸ் செலவையும் ஒரு நாள் லீவையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள், பத்துப் பிள்ளைக்குக் குறைந்தால் எனக்கு அது லாபமாகத் தெரியவில்லை.

ஷூ ரெண்டு சைஸ் பெருசா வாங்கினா ரெண்டு வருஷம் வருமில்ல?

வராது. பெரிய ஷூவில் கால் முன்னும் பின்னும் போய்வந்து குதிகால் பக்கம் மடிந்து உள்துணி கிழியும், ஆறு மாதத்தில் பின்பக்கத்தை மிதித்து செருப்பு மாதிரி போட்டுக்கொண்டு போவார்கள். முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி இருந்தால் போதும். சாயங்காலம் போய் வாங்குங்கள், நாள் முழுக்க ஓடியாடின கால் கொஞ்சம் உப்பியிருக்கும், பள்ளியில் போட்டிருக்கப்போவதும் அந்தக் காலில்தான். சாக்ஸ் போட்டுப் பார்க்க மறக்காதீர்கள்.

புது ஷூவின் அடிப்பாகத்தைச் சுற்றித் தையல் போட்டுத் தரச் சொல்லி, வாங்கின வாரமே செருப்பு தைப்பவரிடம் கொடுத்துவிடுவேன். ஜோடிக்கு 60 ரூபாய் கேட்கிறார். பசை மட்டும் ஒட்டின ஷூ மழைக்காலத்தில் வாயைப் பிளப்பதை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு அந்த 60 ரூபாய் பெரிதாகத் தெரியாது.

ஸ்கூல் பேக் காஸ்ட்லியா வாங்கினா நாலு வருஷம் உழைக்குமா, சீப்பா வாங்கி வருஷா வருஷம் மாத்தறதா?

விலையைப் பார்க்காதீர்கள், மூன்று இடத்தைப் பாருங்கள். தோளில் மாட்டும் பட்டை பையோடு சேரும் இடத்தில் பெட்டி மாதிரி கட்டம் போட்டுக் குறுக்குத் தையல் இருக்கிறதா, அடிப்பக்கம் இரட்டைத் துணியா, ஜிப் பல் பெரிதா. இந்த மூன்றும் இருந்தால் 600 ரூபாய்ப் பையும் உழைக்கும். என் மகள் பை இது நாலாவது வருஷம், இடையில் இரண்டு தடவை ஜிப் ரன்னர் (ஜிப்பை இழுத்து மூடும் பிடி) மாற்றினேன், தடவைக்கு 30 ரூபாய். ஜிப் திறந்துகொண்டால் பையே போச்சு என்று தூக்கிப் போடுபவர்கள்தான் அதிகம், பத்தில் எட்டுத் தடவை போனது ரன்னர் மட்டும்தான்.

வெறும் பையையே கையில் தூக்கிப் பாருங்கள். 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த பள்ளிப்பை வழிகாட்டுதல்படி பையின் மொத்த எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 25 கிலோ பிள்ளைக்கு இரண்டரைக் கிலோ. காலிப் பையே ஒரு கிலோ இருந்தால் புத்தகத்தை எங்கே வைப்பது?

ஆன்லைன்ல சீப்பா கிடைக்குதே?

பாட்டில், டிபன் பாக்ஸ், பை இவற்றுக்குச் சில நேரம். நோட்டுக்குப் பெரும்பாலும் இல்லை, கனமான பொருள், அனுப்பும் செலவு எங்கேயோ ஒளிந்திருக்கும். ஆறு நோட்டு செட் என்று போட்டிருப்பார்கள், பக்கம் எத்தனை என்பது நாலு படம் தள்ளித்தான் வரும். மேலே சொன்ன பக்கத்துக்கு எத்தனை காசு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஐம்பது பொருள் அடங்கிய ஸ்டேஷனரி காம்போ என்று வருவதை மட்டும் வாங்காதீர்கள், அதில் முப்பது ஸ்டிக்கராக இருக்கும்.

டிபன் பாக்ஸ், பாட்டில்?

எவர்சில்வர். பாத்திரக் கடையில் பேர் வெட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள், தொலைந்தாலும் திரும்பி வரும். மூடி ஒழுகினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை மட்டும் மாற்றலாம்.

பையன் கார்ட்டூன் படம் போட்டதுதான் வேணும்னு கடையில உருண்டு அழறான். என்ன செய்ய?

கடைக்குக் கூட்டிக்கொண்டு போகாமல் இருப்பதுதான் முதல் வழி. கூட்டிப்போயே ஆக வேண்டும் என்றால் கிளம்பும்போதே, ஒரு பொருள் உன் இஷ்டம், மற்றதெல்லாம் அம்மா இஷ்டம் என்று பேசிவிடுங்கள். என் மகன் பென்சில் பாக்ஸை எடுத்தான், மூடியைத் திறந்தால் பாட்டுப் பாடும், 180 ரூபாய், வகுப்பில் பாடி டீச்சர் பிடுங்கி வைத்துக்கொண்டார். பைக்கு அந்த உரிமையைக் கொடுக்காதீர்கள், ஜூனில் பிடித்த கார்ட்டூன் அக்டோபரில் பிடிக்காது, பை மட்டும் நாலு வருஷம் இருக்கும்.

அக்காவோட பழைய சட்டை, பழைய பை குடுத்தா பிள்ளை மத்தவங்க முன்னாடி கூச்சப்படாதா?

சில பிள்ளைகள் படும், சில பிள்ளைகள் கண்டுகொள்ளாது. யூனிஃபார்மில் பிரச்சினை வராது, எல்லாரும் ஒரே நிறம்தான், காலர் நைந்திருந்தால் மட்டும் டெய்லரிடம் கொடுத்துக் காலரைத் திருப்பித் தைக்கச் சொல்லுங்கள், புதுசு மாதிரி ஆகிவிடும். கண்ணில் படும் பொருள் ஒன்றாவது புதிதாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள், நான் கடைசி, எட்டாவது வரை எனக்கு வந்ததெல்லாம் இரண்டு கை மாறியதுதான். எது மறந்தாலும் ஜாமெட்ரி பாக்ஸில் அக்கா பேரைச் சுரண்டிவிட்டு என் பேர் எழுதியது மறக்கவில்லை, அதனால் மகனுக்கு அதை மட்டும் புதிதாக வாங்கிக் கொடுத்துவிடுவதென்று வைத்திருக்கிறேன்.

இந்தச் செலவை இன்கம்டாக்ஸ்ல காட்டலாமா?

பழைய வரி முறையில் இருப்பவர்கள், 80சி என்று நாம் பழகின அந்த ஒன்றரை லட்சம் வரம்புக்குள், இரண்டு பிள்ளைகளின் டியூஷன் ஃபீஸை, அதாவது பள்ளிக்குக் கட்டும் கல்விக் கட்டணத்தை மட்டும் காட்டலாம். புத்தகம், சீருடை, வேன் கட்டணம், டொனேஷன் எதுவும் சேராது. அதனால் பள்ளி மொத்தமாக ஒரே ரசீது கொடுத்தால் வாங்கிக்கொள்ளாமல் டியூஷன் ஃபீஸ் தனியாகத் தெரிகிற மாதிரி கேட்டு வாங்குங்கள். புதிய வரி முறையில் இருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

எல்லாம் சரி, ஜூன் முடிஞ்சும் வாரா வாரம் சார்ட், தெர்மாகோல்னு காசு கரையுதே?

ராத்திரி ஒன்பது மணிக்கு "அம்மா, நாளைக்கு சார்ட் வேணும்" என்று வரும் குரலுக்குத்தான் இந்தச் செலவு. அந்த நேரத்தில் திறந்திருக்கும் ஒரே கடையில் பத்து ரூபாய் சார்ட்டை இருபதுக்குத்தான் கொடுப்பார்கள். ஜூலையில் ஒருநாள் போய் வெள்ளை சார்ட் ஐந்து, கலர் சார்ட் மூன்று, ஒரு பெவிகால் டப்பா, ஸ்கெட்ச் பேனா ஒரு செட், ஏ4 தாள் கொஞ்சம் வாங்கி பீரோ மேல் வைத்துவிடுங்கள். சார்ட்டைச் சுருட்டி வைக்காதீர்கள், விரித்தால் படியாது, கட்டில் மெத்தைக்கு அடியில் தட்டையாக வையுங்கள். வைத்திருப்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் ஒரு வாரத்தில் ராக்கெட்டாகிவிடும்.